வயல் கேள்வி–பதில்: ‘சப்1’ என்பது என்ன?

சம்பா வயல்களில் மழைநீர் தேங்குவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பெயரைச் சுற்றியே இருந்தன: ‘சப்1’. நெல் ரகங்களை உருவாக்கும் வேலையிலேயே என் காலம் போனது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பல வருடமாக 1009 நெல் போடுகிறேன். இப்போது ‘1009 சப்1’ என்று விதை தருகிறார்கள். பயிரைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. பெயரில் ஒட்டியிருக்கும் அந்த ‘சப்1’ என்ன?
— ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி வட்டம்

இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன என்கிறீர்களே, இந்த ரகத்தை உருவாக்கியவர்கள் காதில் விழுந்தால் மகிழ்ந்துபோவார்கள். அப்படி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பாடுபட்டார்கள். உங்கள் 1009-இன் வயது, உயரம், மணி, மகசூல் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கினால் மட்டும் சாகக் கூடாது. அந்த ஒரு குணத்தைத் தரும் சின்னத் துண்டுக்குத்தான் ‘சப்1’ என்று பெயர். நீரில் மூழ்குவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்.

நெற்பயிர் முழுக்க மூழ்கினால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாள் கழித்துத் தண்ணீர் வடியும்போது இலையெல்லாம் வெளிறி, நூல் நூலாக நீண்டு, சேற்றில் படுத்துக் கிடக்கும். மூச்சு முட்டிச் செத்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். செடிக்குள் எத்திலீன் என்ற வாயு எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிக்கொண்டே இருக்கும். காற்றில் நிற்கும்போது அது வெளியேறிவிடும். நீருக்குள் வாயுக்கள் நகர்வது காற்றில் நகர்வதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாக நடக்கிறது. எனவே எத்திலீன் உள்ளேயே தேங்கிவிடுகிறது. ‘தண்ணீருக்குள் இருக்கிறோம், எப்படியாவது தலையை வெளியே நீட்டு’ என்று அது செடியைத் தூண்டுகிறது. செடியும் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைத்த மாவையும் சர்க்கரையையும் செலவழித்து விறுவிறுவென்று நீள்கிறது. தண்ணீர் இரண்டு மூன்று நாளில் வடிந்தால் பிழைக்கும். வடியாவிட்டால் கையிருப்பு தீர்ந்துவிடும். தண்ணீர் போன பிறகு நிமிர்ந்து நிற்கவும் தெம்பு இருக்காது, புது இலை விடவும் தெம்பு இருக்காது.

சப்1 உள்ள செடி நீள்வதை நிறுத்திவிடுகிறது. இருந்த உயரத்திலேயே, கையிருப்பைத் தொடாமல் காத்திருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் மிச்சம் வைத்ததைக் கொண்டு துளிர்க்கிறது. சுமார் இரண்டு வாரம் தாங்கும்.

இந்தக் குணம் ஒடிசா விவசாயிகளின் நெல்லிலிருந்து வந்தது. ‘தால்புட்டியா’ என்ற அங்குள்ள நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்துத் தூய்மைப்படுத்திய வகைக்கு எஃப்.ஆர். 13ஏ என்று பெயர். எஃப்.ஆர். என்றால் வெள்ளத்தைத் தாங்குவது என்று பொருள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் டெல்டாவில் பொன்மணி என்று அழைக்கும் 1009-உம் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்ததுதான். அங்கே அதற்குச் சாவித்திரி என்று பெயர். ஆக, உங்கள் வயலில் நிற்கும் பயிருக்கு இரண்டு வழியிலும் ஒடிசாதான் பிறந்த வீடு.

கேள்வி: நெல்லில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பதாகப் படித்தேன். வெள்ளத்தைத் தாங்கும் மரபணு இதுதான் என்று அவற்றுக்குள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? டி.என்.ஏ.வை முழுக்கப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமா?
— பி.எஸ்சி. விவசாயம் படிக்கும் மாணவி, மதுரை

தெரியாதம்மா. நெல்லின் டி.என்.ஏ. வரிசை முழுவதையும் 2005-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் அந்த எழுத்துகளைப் பார்த்து ‘இது வெள்ளத்துக்கு, இது மணத்துக்கு’ என்று யாராலும் சொல்லிவிட முடியவில்லை. எந்த எழுத்து எந்தக் குணத்துக்குக் காரணம் என்று செடிதான் காட்டிக்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் மரபணு வரைபடம்.

எப்படி என்று பார்ப்போம். வெள்ளத்தைத் தாங்கும் ஒரு நெல், தாங்காத ஒரு நெல், இரண்டையும் கலப்பினம் செய்கிறோம். முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைத் தன் மகரந்தத்திலேயே காய்க்க விட்டால், இரண்டாம் தலைமுறையில் தாய் தகப்பன் குணங்கள் கலைத்துப்போட்டதுபோல வரும். ஒவ்வொரு தலைமுறையிலும் மகரந்தமும் சூலும் உருவாகும்போது, ஜோடி ஜோடியாக இருக்கும் குரோமோசோம்கள் ஆங்காங்கே வெட்டி ஒட்டித் துண்டுகளை மாற்றிக்கொள்வதுதான் காரணம். எங்கே வெட்டுப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம்: பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை பிரிவது அபூர்வம். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நடப்பவர்கள் சேர்ந்தே வெளியே வருவார்கள். ஒரு தெரு நீளம் தள்ளி நடப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். எத்தனை தடவை பிரிந்தன என்று எண்ணினாலே எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று தெரிந்துவிடும். நூறு தடவையில் ஒரு தடவை பிரிந்தால் அந்தத் தூரத்தை ஒரு சென்டிமார்கன் என்கிறோம். இந்த யோசனையை வைத்து உலகின் முதல் மரபணு வரைபடத்தை 1913-இல் வெளியிட்டவர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட். பழ ஈக்களை வைத்துச் செய்தார். அதைக் கணக்கிட்டபோது அவர் கல்லூரி மாணவர், ஏறக்குறைய உங்கள் வயதுதான்.

நெல்லுக்கு வருவோம். குரோமோசோமின் நீளம் முழுக்க ஆங்காங்கே, இரண்டு பெற்றோருக்கும் எழுத்து வித்தியாசப்படும் இடங்கள் உண்டு. மைல்கல்போலப் பயன்படும் இவற்றை மார்க்கர் என்கிறோம். மார்க்கர்களை வைத்து நெல்லின் பன்னிரண்டு குரோமோசோம்களுக்கும் ஒரு வரைபடத்தை 1988-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூசன் மெக்கூச் குழுவினர் வெளியிட்டார்கள். இன்று ஆய்வகத்தில் சாதாரணமாகப் புழங்குபவை ‘ஆர்.எம்.’ என்று தொடங்கி எண் போட்ட மார்க்கர்கள். இலை நுனியில் விரல் நீளம் கிள்ளி, அரைத்து, டி.என்.ஏ. எடுத்து, அந்த மார்க்கர் பகுதியை மட்டும் பெருக்கி, ஜெல்லில் ஓட்டினால் பட்டை பட்டையாகத் தெரியும். தாயின் பட்டை மேலே நின்றால், தகப்பனின் பட்டை கீழே. இரண்டும் பெற்ற செடியில் இரண்டு பட்டை. கணினித் திரையில் வரிசையாக வரும் அந்தப் பட்டைகளைப் பார்த்துத் தா, த, இ என்று நோட்டில் குறித்துக்கொண்டே போவோம்.

ஜெல் வேலை பழகிவிட்டால் எளிது. கஷ்டமான வேலை தொட்டியில் இருக்கிறது. அதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பாடப்புத்தகங்களில் அது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

சிமென்ட் தொட்டிக்குள் தட்டுகளில் நாற்றுவிட்டு, நாற்றுக்கு இரண்டு வாரம் ஆனதும் தலைக்கு மேல் தண்ணீர் நிரப்புகிறோம். வழக்கமாக இரண்டு வாரம் மூழ்க விடுவோம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் வெளிச்சம் உள்ளே போகாது, செடி சீக்கிரம் சாகும். தெளிவாக இருந்தால் தாங்காத செடியும் தப்பிவிடும். வெயில் நாளில் தொட்டித் தண்ணீர் சூடேறினால் கணக்கே மாறும். அதனால்தான் தாங்கும் பெற்றோரையும் தாங்காத பெற்றோரையும் தொட்டியின் ஒவ்வொரு மூலையிலும் வைப்போம். தாங்காத பெற்றோர் இலை பிய்ந்து கரைந்துவரும் நேரம் பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிடுவோம். திறந்த அன்று தொட்டியிலிருந்து வரும் அழுகல் நாற்றம் சட்டையில் ஏறினால் வீட்டுக்குப் போகும்வரை இருக்கும். அன்றைக்கு மதிப்பெண் போடக் கூடாது. அன்று பச்சையாகத் தெரியும் செடி மூன்றாம் நாள் வெயிலில் வாடிக் கருகும். செத்ததுபோலப் படுத்திருப்பது அடிக்குருத்திலிருந்து ஒரு புது இலையை நீட்டும். இன்னும் இரண்டு வாரம் பொறுத்து, எத்தனை பிழைத்தன என்று எண்ண வேண்டும். குனிந்து ஒவ்வொரு செடியின் அடியையும் விரலால் அழுத்திப் பார்த்து, கெட்டியாக இருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா என்று சொல்லும் வயல் உதவியாளர்கள் இருக்கிறார்களே, மரபணு வரைபடத்தின் பாதி அவர்கள் விரல் நுனியில் இருக்கிறது. அவர்கள் எண்ணிக்கை தவறினால் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் மரபணு வேறு குரோமோசோமில் இருப்பதாகக் காட்டும்.

அப்புறம் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். பிழைத்த செடிகளில் எல்லாம் எந்த மார்க்கரில் தாங்கும் பெற்றோரின் பட்டை இருக்கிறது? மற்ற இடங்களில் பாதிக்குப் பாதி கலந்து கிடக்கும். மரபணு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். கெனோங் ஷு, டேவிட் மேக்கில் இருவரும் 1996-இல் இப்படித்தான் கண்டார்கள். எஃப்.ஆர். 13ஏ வழியில் வந்த ஒரு நெல்லையும் தாங்காத ஒரு ஜப்பானிக்கா (ஜப்பான் பக்கத்து வகை) நெல்லையும் கலந்து, 169 இரண்டாம் தலைமுறைச் செடிகளையும் அவற்றின் பிள்ளைகளையும் சோதித்தார்கள். ஒன்பதாவது குரோமோசோமில் ஒரே ஒரு இடம் தெரிந்தது. செடிக்குச் செடி காணப்பட்ட வேறுபாட்டில் 69 சதவீதத்துக்கு அந்த ஓரிடமே காரணம். அந்த இடத்துக்குத்தான் சப்1 என்று பெயர் வைத்தார்கள்.

இடம் தெரிந்ததே தவிர, மரபணு தெரியவில்லை. அந்த இடத்துக்குள் இன்னும் எத்தனையோ மரபணுக்கள். ஆயிரக்கணக்கில் செடிகளை வளர்த்து, அவற்றில் சரியாக அந்த இடத்துக்கு மிகப் பக்கத்தில் வெட்டுப்பட்ட ஒரு சில செடிகளைத் தேடித் தேடி, எல்லையை இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே வர வேண்டும். அதற்குப் பத்து வருடம் ஆனது. 2006-இல் பமீலா ரொனால்டு, மேக்கில் குழுவினர் அதை வெளியிட்டார்கள். அந்த இடத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று மரபணுக்கள் இருந்தன. அவற்றில் சப்1ஏ என்பதுதான் காரணம். அதைத் தாங்காத ஒரு ஜப்பானிக்கா நெல்லுக்குள் செலுத்தினார்கள், அதுவும் தாங்கியது. ஜப்பானிக்கா நெல்களில் அந்த மரபணுவே கிடையாது. நம் பக்கத்து வகையான இண்டிகா நெல்கள் சிலவற்றில் இருந்தாலும் வேலைக்கு ஆகாத வடிவத்தில் இருக்கிறது.

கேள்வி: மரபணுவைக் கண்டுபிடித்து நெல்லுக்குள் வைத்தார்கள் என்றால் அது மரபணு மாற்றப்பட்ட அரிசிதானே? குழந்தைகளுக்குச் சமைத்துக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

கொடுக்கலாம். வயலுக்கு வந்த சப்1 ரகம் எதுவும் மரபணு மாற்றப்பட்டது இல்லை. மேலே சொன்ன சோதனை, கண்டுபிடிப்பைச் சரிபார்க்க ஆய்வகத்தில் செய்தது. விவசாயிக்கு வந்த விதை, பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் வைக்கும் பழைய முறையில் உருவானது.

முதலில் ஆந்திராவின் ஸ்வர்ணாவை எடுத்தார்கள். சப்1 உள்ள நெல்லோடு கலந்து, வந்த பிள்ளையைத் திரும்பவும் ஸ்வர்ணாவோடு கலந்து, அதன் பிள்ளையை மறுபடியும் ஸ்வர்ணாவோடு. இதைப் பிற்கலப்பு என்போம். முன்பும் எஃப்.ஆர். 13ஏ-வை வைத்து இப்படிக் கலந்து பார்த்திருக்கிறார்கள். வெள்ளத்தைத் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன, விவசாயிகள் ஏற்றுக்கொள்ளவில்லை. மார்க்கர் வந்த பிறகு, நாற்றுப் பருவத்திலேயே இலையைக் கிள்ளி, சப்1 இருந்து மற்றதெல்லாம் ஸ்வர்ணாவாக இருக்கும் செடியை மட்டும் வைத்துக்கொள்ள முடிந்தது. 2009-இல் ஸ்வர்ணா சப்1 இந்தியாவில் வெளியானது. சாம்பா மசூரி, ஐ.ஆர். 64, நம் 1009 எல்லாவற்றுக்கும் அதே வழிதான்.

மரபணுத் திருத்தம் என்பது வேறு. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த டி.ஆர்.ஆர். தன் 100 என்ற ‘கமலா’ ரகம் அந்த வகை. சாம்பா மசூரியில், கதிரில் மணி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவைத் திருத்தியிருக்கிறார்கள். அந்த மரபணுவையும் 2005-இல் ஜப்பானியர்கள் வரைபடம் போட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். அது நல்லதா கெட்டதா என்று வாதிடுபவர்கள் வாதிடட்டும், வாதிட வேண்டிய விஷயம்தான். ஆனால் சப்1-ஐ அந்த வாதத்துக்குள் இழுப்பது சரியல்ல.

கேள்வி: வெள்ளத்துக்கு ஒரு மரபணு கிடைத்ததுபோல வறட்சிக்கும் ஒன்றைக் கண்டுபிடித்துத் தர ஏன் முடியவில்லை? எங்கள் பக்கம் மானாவாரிதான்.
— ஒரு விவசாயி, பரமக்குடி

நியாயமான ஆதங்கம். வெள்ளத்தில் ஒரு மரபணு மட்டுமே 69 சதவீதம் பேசியது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். வறட்சிக்கு அப்படி ஒரு பெரிய மரபணு கிடையாது. வேரின் ஆழம், இலை சுருளும் நேரம், பூக்கும் நாள் என்று பலதும் கூடி வருவது அது. ஒவ்வொன்றுக்கும் சின்னச் சின்ன மரபணுக்கள். பூக்கும்போது வறட்சி வந்தால் ஒன்று உதவும், நாற்றுப் பருவத்தில் வந்தால் வேறொன்று.

ஆனாலும் கிடைத்திருக்கிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வறட்சியிலும் மணி பிடிக்க வைக்கும் பகுதிகள் பலவற்றைக் குறித்திருக்கிறார்கள். அதில் ஒன்றை நான் எங்கே போனாலும் சொல்வேன். ஜார்க்கண்ட் பக்கத்து மேட்டு நிலத்தில் வறட்சியைத் தாங்கும் ‘வந்தனா’ நெல்லையும், வறட்சி தாங்காத ‘வே ரரெம்’ என்ற இந்தோனேசிய நெல்லையும் கலந்து, பன்னிரண்டாவது குரோமோசோமில் ஓர் இடத்தைக் கண்டார்கள். வறட்சியில் மகசூலைக் கூட்டும் அந்தத் துண்டு எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது தெரியுமா? தாங்காத வே ரரெமிடமிருந்து! நல்ல துண்டு அதனிடம் இருந்தும், மற்ற குறைகளால் வெளியே தெரியாமல் கிடந்திருக்கிறது. வயலில் நின்று பார்த்து மட்டும் ரகம் தேர்ந்தெடுப்பவர் கண்ணில் இது ஒருநாளும் பட்டிருக்காது.

வேரை ஆழமாக இறக்கும் டி.ஆர்.ஓ.1 என்ற மரபணுவையும் பிலிப்பைன்ஸின் ‘கினன்டாங் பட்டோங்’ என்ற மேட்டு நில நெல்லிலிருந்து 2013-இல் எடுத்தார்கள். உங்கள் ஊர் மானாவாரிக்கு இவையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வர வேண்டும். வரும்வரை குறைந்த வயதுள்ள ரகமும், ஊருணியில் தேக்கிய தண்ணீரும்தான் துணை.

கேள்வி: நம் பாரம்பரிய நெல்களில் இப்படி எத்தனை மரபணுக்கள் ஒளிந்திருக்குமோ. இவற்றை எடுத்துக்கொண்டு மூல விதையை மறந்துவிடுகிறார்களே, இது சரியா?
— பாரம்பரிய விதை சேகரிப்பவர், நாகப்பட்டினம்

சரியல்ல. சப்1 என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரிகிறது, தால்புட்டியா என்ற பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? மண்ணில் குறைவாக இருக்கும் மணிச்சத்தையும் வேர் தேடி எடுக்க உதவும் மரபணுவை 2012-இல் அறிவித்தார்கள். அது ‘கசலத்’ என்ற நாட்டு நெல்லிலிருந்து வந்தது. உப்பைத் தாங்கும் சால்டால் என்ற பகுதி, கேரளக் கடலோர விவசாயிகள் உப்புத் தண்ணீரில் வளர்த்துவந்த பொக்காளியிலிருந்து வந்தது. உயர் விளைச்சல் ரகங்களில் இவை இல்லை. நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் உரமும் கொடுத்துத் தேர்ந்தெடுத்த பயிருக்கு இந்தக் குணங்கள் தேவைப்படவில்லை, வழியிலேயே உதிர்ந்துவிட்டன. மோசமான நிலத்தில் வேறு வழியில்லாமல் பயிர் செய்தவர்களின் குதிரில்தான் அவை தங்கின.

உங்கள் மாவட்டத்தில் களர்ப்பாலையும் குழியடிச்சானும் உப்பு நிலத்துக்கென்றே வைத்திருந்த நெல்கள். நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்தாரே, அந்த வேலை நடக்காமல் வரைபடம் போட எதுவும் இருக்காது. நீங்கள் விதை சேர்க்கும்போது ஒன்று செய்யுங்கள். ரகத்தின் பெயரோடு, எந்த நிலத்தில் போட்டார்கள், எத்தனை நாள் தண்ணீர் நின்றது, யார் வீட்டிலிருந்து வாங்கினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். எந்தத் தொட்டியில் மூழ்கடிக்க வேண்டும், எந்த உப்பில் நட வேண்டும் என்று ஆராய்ச்சி செய்பவருக்கு வழிகாட்டுவது அந்தக் குறிப்புதான்.

இதோடு சேர்த்து ஒன்று. ஸ்வர்ணா சப்1 போட்ட ஒடிசா கிராமங்களை ஆய்வு செய்து 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. வெள்ளம் வராத வருடத்தில் மகசூல் குறையவில்லை, வந்த வருடத்தில் நன்றாகக் கூடியது. அதிகம் பலன் பெறுவது தாழ்த்தப்பட்ட மக்கள் என்றும் கண்டார்கள், ஏனென்றால் தண்ணீர் தேங்கும் பள்ளமான நிலம்தான் காலம் காலமாக அவர்கள் பங்குக்கு விடப்பட்டிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு நிறைவாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

கேள்வி: 1009 சப்1-ஐ நேரடி விதைப்பாகப் போட்டேன். விதைத்த மறுநாளே மழை பெய்து வயல் குளமாகிவிட்டது. முளைப்பு சரியில்லை. சப்1 என்று நம்பித்தானே போட்டேன்? அடுத்த வருடத்துக்கு இதிலிருந்தே விதை எடுக்கலாமா?
— ஒரு விவசாயி, வேதாரண்யம்

விதை கொடுப்பவர்கள் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சப்1 வேலை செய்வது வளர்ந்த பயிர் மூழ்கும்போது, அதாவது வேர் பிடித்ததிலிருந்து தூர் கட்டி முடிக்கும்வரை. தண்ணீருக்கடியில் விதை முளைப்பது முற்றிலும் வேறு குணம். அங்கே காற்றில்லாத நிலையில் விதையிலுள்ள மாவைக் கரைத்து முளைக்குருத்தை வேகமாக மேலே அனுப்ப வேண்டும். சப்1 செய்வதற்கு நேர் எதிர். அதற்கான மரபணுவை மியான்மரின் ‘காவ் லான் ஆன்’ என்ற நெல்லிலிருந்து 2015-இல் தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பூக்கும் சமயத்தில் மூழ்கினாலும் சப்1 காப்பாற்றாது. தண்ணீர் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றாலும், சேறு கலந்து கறுத்து நின்றாலும் சேதம் இருக்கும்.

ஆகவே பள்ள வயலில் நாற்றுவிட்டு நடுங்கள். நேரடி விதைப்புதான் வசதி என்றால் மழைக்கு முன்பே பயிர் வேர் பிடிக்கும்படி முன்கூட்டி விதையுங்கள், வடிகால் வாய்க்காலை விதைப்பதற்கு முன்பே வெட்டுங்கள். மூழ்கிய பயிர் வெளியே வந்ததும் அவசரப்பட்டு யூரியா போடாதீர்கள். புது இலை விடும்வரை ஒரு வாரம் பொறுத்து, பிறகு தழைச்சத்தும் சாம்பல் சத்தும் கொடுங்கள்.

விதை தாராளமாக எடுக்கலாம். இது வீரிய ஒட்டு ரகம் இல்லை. விதைத்தால் அதே குணம் வரும். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி சேமிக்கவும் பக்கத்து விவசாயிக்குக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சப்1 இல்லாத பழைய 1009-உம் இதுவும் கண்ணுக்கு ஒன்றுபோல இருப்பதால் களத்தில் கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. தனியாக அறுத்து, தனியாக அடித்து, சாக்கில் பெயர் எழுதி வையுங்கள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை விதைச் சான்று பெற்ற புது விதை வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள்.